முட்டுக்கட்டை போட ஓர் ஆள்

மின் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போகும் ஊர்களில் திருவிழாக் கமிட்டியிடம் நான் முதலில் கேட்பது, “தேர் எவ்வளவு உயரம்?” என்றுதான். வீட்டுக்கு வரி எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, கச்சேரிக்கு அட்வான்ஸ் எவ்வளவு எல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வார்கள். தேர் உயரத்தைக் கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. சாலையை உயர்த்திப் போட்டிருந்ததும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பலர் இதை நம்பமாட்டார்கள். ரோடு போட்டதற்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

டெல்டாவில் ஓர் ஊரில் எனக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “முப்பது வருஷமா இதே தேர், இதே தெரு சார்” என்று தலைவர் ஆரம்பித்தார். பின்னால் நின்ற பெரியவர், “தேரு அதேதான். தெருவா அதே தெரு? எங்க வீட்டு வாசல்ல மூணு படி இருந்துச்சு. ரெண்டு தடவ ரோடு போட்டாங்க, இப்ப ஒரு படிதான் மிச்சம்” என்றார். இரண்டு படி என்றால் ஒரு அடிக்கு மேல். தெருவின் குறுக்கே போகும் 11,000 வோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர், அதாவது சுமார் 20 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தரை மேலே வர வர அந்த இடைவெளி சுருங்குகிறது. வெயிலில் கம்பி தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் போகும். இவ்வளவும் போதாதென்று போன வருடத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று உச்சியில் ஒரு சீரியல் செட் வளைவு வேறு கட்டுவோம்.

ஆகவே தேரை அலங்காரம் முடிந்த பிறகு டேப் வைத்து அளங்கள். கலசம், குடை, மேலே உட்காரும் ஆள் எல்லாம் சேர்த்து. கம்பியின் உயரத்தை மட்டும் நீங்கள் அளக்க வேண்டாம். கழியைத் தூக்கவே கூடாது. அதை லைன்மேன் பார்த்துக்கொள்வார். தேர் மேல் ஒரு பையன் கவைக்கம்போடு நின்று ஒயரைத் தூக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். கேபிள் டிவி ஒயர் வரைக்கும் அது சரி. இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அடுத்து வருவது எந்தக் கம்பி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உயரழுத்தக் கம்பி தொட்டால்தான் அடிக்கும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். பனியில் நனைந்த கழி அவனைக் காப்பாற்றாது. மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, தேர் வரும் நேரத்தில் அந்தத் தெருவுக்கு சப்ளையை நிறுத்தச் சொல்வது ஒன்றுதான் வழி.

சீரியல் செட், ஜெனரேட்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறது, போதும் என்று செட்டுக்காரர் சொன்னால் விடாதீர்கள். அது ஒயரைக் காப்பாற்றத்தான். ஆளைக் காப்பாற்றுவது, கரண்டு கசிந்தால் உடனே சப்ளையை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும். உங்கள் எதிரிலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியும் ஷாக் அடித்துவிட்டால் ஓடிப்போய் இழுக்காதீர்கள். முதலில் சப்ளை போக வேண்டும். உயரழுத்தக் கம்பியென்றால், நிறுத்தியாகிவிட்டது என்று மின்வாரியம் சொல்லும்வரை கிட்டவே போகக் கூடாது. அப்புறம் பேச்சு மூச்சில்லையென்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒரு ஆள் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார், மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பயிற்சியில் பொம்மை மேல் செய்யும்போது எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கை பழகினால் சரி.

ஆனால் பல ஊர்களில் இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறு. பரிவட்டம் யாருக்கு, முதல் வடம் யாருக்கு என்று கமிட்டியில் பெயர் இருக்கும். “நிறுத்து” என்று சொல்ல ஆள் இருக்காது. யாராவது சொன்னாலும், “நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே” என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், தேரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் கட்டையைச் செருக ஓடுபவரே முட்டுக்கட்டை போடுபவர்தான்.

அந்தப் படிக்கணக்குச் சொன்ன பெரியவர் நாற்பது வருடமாக முட்டுக்கட்டை போடுபவர். விசிலை அவரிடம் கொடுத்து, அவர் ஊதினால் தலைவரே சொன்னாலும் வடம் நகரக் கூடாது என்று கமிட்டி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். தேரன்று மேலத்தெரு முக்கில் ஊதிவிட்டார். சப்ளை நிறுத்தியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்களாம். “லைன்மேன் சொல்லட்டும்” என்று கட்டைமேல் காலை வைத்துக்கொண்டு நின்றார். வடத்தைப் பிடித்திருந்த இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள், நாதஸ்வரக்காரர் இரண்டு உருப்படி கூடுதலாக வாசித்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்து லைன்மேன் பைக்கில் வந்து இறங்கித் தலையாட்டிய பிறகுதான் பெரியவர் காலை எடுத்தார்.