அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பு எவ்வளவு?

குழம்பு வைக்க நேரமில்லாத நாளில் கொங்கு வீடுகளில் அடுப்பேறுவது அரிசிம்பருப்புச் சோறு. துவரம்பருப்பைக் கைப்பிடியளவு மட்டும் போட்டுச் சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தாளித்தாலும் மணமும் ருசியும் குறையாது. குறைவது புரதம். அதனால்தான் அளவு தப்பியதே பலருக்குத் தெரிவதில்லை.

புரதங்களைக் கட்ட உடலுக்கு 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் 9 சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் 100 பனியனுக்கு உடல்துணி வெட்டி வைத்திருந்தாலும், கைத்துணி 80 பனியனுக்குத்தான் இருந்தால் தைத்து முடிவது 80தான். எந்த அமினோ அமிலம் குறைகிறதோ, அதன் அளவுக்குத்தான் உடலும் புரதம் கட்டும். அரிசியில் அப்படிக் குறைவது அந்த ஒன்பதில் ஒன்றான லைசின். வயது வந்தவருக்கு 100 கிராம் புரதத்தில் 4.5 கிராம் லைசின் தேவை. அரிசிப் புரதத்தில் இருப்பது 4 கிராமுக்கும் கீழே. துவரம்பருப்பிலோ 6 கிராமுக்கு மேல். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்னும் இன்னொரு அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டுகிறது.

அப்படியானால் பருப்பு எவ்வளவு? மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு. இது ஏன் பொருந்துகிறது? 100 கிராம் அரிசியில் புரதம் 7 முதல் 8 கிராம், துவரம்பருப்பில் 21 கிராமுக்குச் சற்று மேல். ஆக 300 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் ஏறத்தாழச் சரிபாதிப் புரதம் தருகின்றன, அரிசியின் லைசின் குறையைப் பருப்பு அடைத்துவிடுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும், 2000 கலோரி உணவில் நாளுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை என்கிறது. அதே மூன்றுக்கு ஒன்று! இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டியதில்லை. ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

அதே வழிகாட்டி காய்கறியும் கீரையுமாக 400 கிராம் கேட்கிறது. அப்பளமும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் வராது. பக்கத்தில் கீரைக் கடைசலோ பொரியலோ வேண்டும், தயிரும் வேண்டும். நெய்யை எண்ணெயோடு சேர்த்து நாளுக்கு 27 கிராமுக்குள் நிறுத்த வேண்டும்.

அரிசியை விட்டுச் சோளத்துக்கு மாறியவர்கள் பலர். நார்ச்சத்து கூடும், மானாவாரிக் காட்டில் விளைவதால் நெல்வயல் அளவு தண்ணீரும் வேண்டாம். ஆனால் லைசின் சோளத்தில் அரிசியைவிடக் குறைவு. சோளச்சோற்றுக்குத் தட்டப்பயிறும் கொள்ளும் கடைந்து ஊற்றிய பழைய வழக்கம் சரியான கணக்கு. சோளத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து கடைசலை மறந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

நான்கு பேருக்குச் சின்ன டம்ளரில் அரிசி மூன்று, பருப்பு ஒன்று, தண்ணீர் பத்து. குழைவாக வேண்டுமானால் பன்னிரண்டு. அரிசி வெந்து பருப்பு மட்டும் நறுக்கென்று நின்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு மசியும். போர்வெல் உப்புத்தண்ணியிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. தக்காளிப் புளிப்பும் அதைக் கரையவிடாது. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணியில் வேகவையுங்கள். தக்காளி ஒன்றுக்கு மேல் வேண்டாம். நாள்பட்ட பருப்பு இதற்கும் மசியாது. ஆப்பச்சோடா போட்டால் சீக்கிரம் மசியும், ஆனால் தயமின் என்னும் பி1 வைட்டமின் அழியும்.

முழுக் கொள்ளுக்கு இந்தப் பிடிவாதம் இன்னும் அதிகம். புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும் அதில் உண்டு. நன்றாக வெந்தால் அவை பெரும்பாலும் செயலிழக்கும். எட்டு மணி நேரமாவது ஊறவிட்டு, குக்கரில் வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு வடித்துக்கொள்ளலாம். கொள்ளு விரலிடுக்கில் மாவாக நசுங்கினால் கடையலாம். நசுங்காவிட்டால் இன்னும் இரண்டு விசில்.