ரிப்போர்ட்டில் பாலிமர் இல்லையா? என்ன உப்பு போட்டார்கள் என்று கேளுங்கள்

சேலத்தில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்தார். தானே தயாரித்த பாலிஸ்டைரீன், நிறை சில ஆயிரம் டால்டன்தான் (டால்டன் என்பது மூலக்கூறு நிறையின் அலகு). மால்டி (MALDI, லேசர் அடித்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் சோதனை) எடுக்க அனுப்பியிருக்கிறார். "பாலிமரே தெரியலைன்னு எழுதிட்டாங்க சார்."

என்ன உப்பு போட்டார்கள் என்று பார்த்தேன். சோடியம். சரி, கோளாறு அங்கேதான்.

மால்டியில் லேசர் நேராகப் பாலிமரை அயனியாக்குவதில்லை. அதோடு பல மடங்கு கலந்திருக்கும் மேட்ரிக்ஸ் என்ற துணைப்பொருள்தான் 337 நானோமீட்டர் புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, பாலிமர் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு ஆவியாகக் கிளம்புகிறது. சங்கிலிக்கு மின்னூட்டம் தருவது பெரும்பாலும் அதில் வந்து ஒட்டும் உலோக அயனி. பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமரில் வரிசையாக ஆக்சிஜன் இருப்பதால் சோடியத்தை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் குப்பியிலிருந்து கசியும் சோடியமே சில சமயம் போதும்; உப்பைப் பற்றிப் பலர் யோசிக்காததற்கு அதுதான் காரணம்.

பாலிஸ்டைரீனிடம் இருப்பதோ பென்சீன் வளையங்கள். அவற்றுக்கு வெள்ளி அயனி வேண்டும். கொலுசுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். (கொலுசைக் கரைக்க வேண்டாம், வெள்ளி ட்ரைஃப்ளூரோஅசிட்டேட் கடையில் கிடைக்கும்.) டித்ரனால் மேட்ரிக்ஸோடு அதைச் சேர்த்து மறுபடி எடுத்தபோது, 104 டால்டன் (ஒரு ஸ்டைரீன் அலகின் நிறை) இடைவெளியில் பீக்குகள் வரிசையாக வந்து நின்றன.

தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான். ஆனால் அதைக் கரைத்து எடுத்திருந்தால் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. அதில் சங்கிலிகள் மிக நீளம், அளவும் கலப்படம். சின்னவை மட்டும் முந்திக்கொண்டு தெரியும். அதை வைத்துப் போடும் சராசரி நிறையை நம்பக்கூடாது.

நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். கிளைக்கால் வரிசைக்குப் பக்கத்தில் 16 டால்டன் தள்ளி இன்னொரு வரிசை. ஆக்சிஜன் (நிறை 16) ஏறிவிட்டது, பாலிமர் கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். சோடியம் 23, பொட்டாசியம் 39. வித்தியாசம் அதே 16. அப்புறம் பொட்டாசியம் உப்பைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிசை தேய்ந்து, இரண்டாவது ஓங்கியது. கெட்டுப்போனது என் ரிப்போர்ட்தான், பாலிமர் இல்லை.

கேரி பேக் பாலிஎத்திலீனோடு யாராவது வந்தால் வெள்ளியைக்கூடச் சிபாரிசு செய்யமாட்டேன். அதில் ஆக்சிஜனும் இல்லை, வளையமும் இல்லை. அயனி பிடிக்க இடமே கிடையாது. அகச்சிவப்பு நிறமாலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.