கைராசியா, காய்ப்பா?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “டிக்கெட் மெஷின் திரையில் அப்பா எத்தனை தடவை தொட்டாலும் ஊர்ப் பெயர் விழமாட்டேன் என்கிறது. நான் தொட்டால் உடனே விழுகிறது. அவருக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.” அப்பாவுக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டேன். விவசாயம். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை.

சந்தேகமே வேண்டாம், காய்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செல்போனில் இருப்பது போன்ற தொடுதிரையில், கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, மின்சாரம் கடத்தும் பொருளால் ஆன கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அமைப்பு. விரல் பக்கத்தில் வந்ததும் அங்கிருக்கும் மின்புலத்தில் ஒரு துளியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சில்லு ஒரு நொடிக்குள் எல்லாச் சந்திப்புகளையும் பல தடவை அளந்து, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்துவிடுகிறது. இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை.

நம் உடம்புக்குள் இருப்பது உப்புநீர், நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனால் தோலின் மேல்படலம் செத்துப்போன செல்கள். காய்ந்தால் அது காப்புப்பொருள். பன்னிரண்டாம் வகுப்புச் சூத்திரம் நினைவிருக்கும்: மின்தேக்குத் திறன் பரப்புக்கு நேர்விகிதம், இடைவெளிக்கு எதிர்விகிதம். காய்ப்பு, விரலுக்குள் இருக்கும் உப்புநீருக்கும் திரைக் கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டுகிறது. கெட்டித்தோல் கண்ணாடியில் படியாததால் பரப்பும் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி! கோபத்தில் நகத்தால் குத்தினால் இன்னும் மோசம், நகம் கடத்தாது. ஓங்கி அழுத்தினால் சில சமயம் வேலை செய்வதும் விரல் நசுங்கிப் பரப்பு கூடுவதால்தான். அதைவிட, விரலின் சதைப்பகுதியைப் படுக்கையாக வைத்துத் தொடச் சொல்லுங்கள். விரலைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டாலும் போதும்.

உணர்திறனைக் கூட்டி வைத்தால் என்ன? ஐப்பசி அடைமழையில் திரையில் தெறிக்கும் துளியையும் அது விரல் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஏதோ ஓர் அளவில் கோடு போட்டாக வேண்டும். யாருடைய விரலை வைத்து அந்தக் கோட்டைப் போடுகிறார்கள் என்பதுதான் என் சண்டை. குளிரூட்டிய அறையில் விசைப்பலகை தட்டும் விரல் மட்டும் போதாது. நடவு வயலிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவந்து தொடச் சொல்ல எவ்வளவு செலவாகிவிடும்? கைராசி பார்க்கிறவர்களிடம்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை.

அப்புறம், எல்லா மெஷினும் இந்த வகை அல்ல. திரையைச் சுற்றிச் சட்டம் எழும்பி நின்றால் அது அகச்சிவப்பு வகையாக இருக்கலாம். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒளிக்கற்றைகள் போகும். எது மறித்தாலும் தொடுகைதான். அதில் காய்ப்புக் கையும் நகமும் ஒன்றே. ஆனால் சம்பா பருவத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பச்சைத் தத்துப்பூச்சி சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், நீங்கள் தொடாமலே திரை தாவும். ஓரத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.