டேங்க்ல இங்க் இருக்கு, தாள்ல எழுத்து சரியா வரல

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிரிண்டர் டேங்க்ல இங்க் பாதிக்கு மேல இருக்கு சார். பட்டா எடுத்தா எழுத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடு விழுது. ஹெட் கிளீனிங் போடப் போட இன்னும் மோசமாகுது. ஏழெட்டு தடவை போட்டாச்சு. ஹெட் போயிடுச்சா?”

ஹெட், அதாவது தாளில் இங்க்கைத் தெளிக்கும் பாகம், போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஹெட்டின் ஒவ்வொரு நுண்துளையும் ஒரு சின்னக் கோடு போட, கோடுகள் படிக்கட்டாக அமையும் சோதனை அச்சுதான் நாசில் செக். அவர் அனுப்பிய அப்படியான மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் கறுப்பின் படிக்கட்டில் மேலே நான்கு படிகள் இல்லை. இரண்டாவதில் அவை வந்துவிட்டன, நடுவில் ஆறு காணோம். மூன்றாவதில் கீழே ஒரு கொத்தே இல்லை. இங்க் காய்ந்து துளையை அடைத்திருந்தால் படி விடுபடும் இடம் மாறாது. இடம் மாறி மாறிப் போகிறதென்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

அவருடையது பீசோ வகை ஹெட். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் உள்ளே ஒரு படிகம் அடிபட்டு மின்சாரம் தருகிறதல்லவா, அதே விஷயம் இங்கே தலைகீழாக நடக்கிறது. மின்சாரம் கொடுத்தால் படிகம் இம்மி வளைகிறது. அந்த வளைவு ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. ஆனாலும் அந்த அசைவு இங்க் அறையை நெருக்க, முடியைவிட மெல்லிய துளை வழியாக ஒரு சொட்டு தெறிக்கிறது. சொட்டின் அளவு 4 பிக்கோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லி இங்க்கில் 25 கோடி சொட்டு.

இப்போது அந்த அறைக்குள் ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்திருக்கிறது. பைக் பிரேக் ஆயிலில் காற்று புகுந்தால் லீவர் மெத்து மெத்தென்று உள்ளே போகும், சக்கரம் நிற்காது. திரவம் நசுங்காது, காற்று நசுங்கும். படிகம் கொடுத்த அழுத்தம் முழுவதையும் குமிழே வாங்கிக்கொள்கிறது. அறை நிறைய இங்க் இருக்கிறது, துளையும் திறந்துதான் இருக்கிறது, சொட்டு மட்டும் வராது.

அப்படியானால் கிளீனிங் போட்டதும் கோளாறு ஏன் கூடியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிளீனிங் என்பது ஹெட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பம்ப் உறிஞ்சுவது. உறிஞ்சினால் அழுத்தம் குறையும். கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் என்ன ஆகிறது? அழுத்தம் குறைந்ததும் கரைந்திருந்த வாயு குபுகுபுவென்று வெளியே வருகிறது. இங்க்கிலும் கொஞ்சம் காற்று கரைந்தே இருக்கிறது. திரும்பத் திரும்ப உறிஞ்ச, இருக்கிற குமிழ்கள் பெரிதாகின்றன, புதியவையும் முளைக்கின்றன.

சும்மா விட்டால் நேர்மாறாக நடக்கும். குமிழைச் சுற்றியுள்ள இங்க்கின் பரப்பு இழுவிசை அதை இடைவிடாமல் இறுக்குகிறது. குமிழ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு இறுக்கம். இறுகிய காற்று இங்க்கில் கரைகிறது, குமிழ் சிறுக்கிறது, சிறுத்ததால் இன்னும் இறுகுகிறது, இன்னும் வேகமாகக் கரைகிறது. கடைசியில் இருந்த சுவடே இருக்காது. மூன்று தடவை கிளீனிங் போட்டும் சரியாகாவிட்டால் 6 மணி நேரம், சில மாடல்களுக்கு 12 மணி நேரம், அச்சடிக்காமல் விடுங்கள் என்று பிரிண்டர் கையேட்டில் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு வகை ஹெட்டில் குமிழ்தான் இன்ஜின். 1977இல் ஜப்பானின் கேனான் நிறுவன ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் இங்க் நிரம்பிய ஊசியில் பட்டு, முனையிலிருந்து இங்க் பீச்சியது. அங்கிருந்த ஆய்வாளர் இச்சிரோ எண்டோ அதைப் பிடித்துக்கொண்டார். அப்படி உருவான ஹெட்டில் ஒரு நுண்ணிய ஹீட்டர் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் இங்க்கைக் கொதிக்க வைத்து, எழும் குமிழால் சொட்டைத் தள்ளுகிறது. எதேச்சையாகக் கண்ணில் பட்டதைத் துரத்திப் போக நேரமும் பணமும் தரும் ஆய்வகம் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளுக்கும் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாசகி அன்று இரவு பிரிண்டரைத் தொடவில்லை. காலையில் வந்த நான்காவது தாளில் எல்லாப் படிகளும் வந்துவிட்டன, வலது ஓரத்தில் ஒன்றைத் தவிர. அது முந்தைய மூன்று தாள்களிலும் அதே இடத்தில் இல்லாமல் இருந்தது. அது காய்ந்த இங்க். நூல் பிரியாத துணியை நனைத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஹெட்டுக்கு அடியில் இரவு முழுக்க வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

எந்தத் தண்ணீரில் நனைப்பது என்பதில் கவனம் வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருக்கிறோம். ஃபுளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே கொண்டுவந்த மாவட்டம் இது. துளையை அடைப்பது ஃபுளோரைடு அல்ல, கால்சியம், மெக்னீசியம் உப்புகள். அவை காய்ந்து படிந்தால் இங்க்கைவிடக் கெட்டி. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். ஆசிட் அல்ல, தண்ணீர்.

ஆயுத பூஜைக்கு பிரிண்டர் மூடியில் விபூதியும் குங்குமமும் வைக்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துளையின் அகலம் சுமார் 20 மைக்ரான். விபூதிப் பொடி அதற்குள் போகும், சிக்கும். பொட்டை மேசைக்கு வையுங்கள்.