பெஞ்சை எடுத்தால் பிரச்சினை தீருமா?

இந்த மாதமும் ஒரு குடியிருப்போர் சங்கத்திலிருந்து அதே கடிதம். தெருமுனையில் உள்ள சின்னப் பூங்காவில் வேண்டாதவர்கள் உட்காருகிறார்களாம். பெஞ்சுகளை எடுத்துவிட்டு, வேலி போட்டுப் பூட்டித் தர வேண்டுமாம். நகரத் திட்டமிடல் என் தொழில். இந்தக் கோரிக்கையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பெஞ்சை எடுத்தால் தொல்லை தருபவர் போய்விடுவார் என்று யார் சொன்னது? அவர் சுவரில் சாய்ந்து நிற்பார், தரையில் உட்காருவார். வராமல் போவது, மருந்து வாங்கப் போகும் வழியில் மூச்சு வாங்கிக்கொள்ள உட்காரும் பாட்டிதான். அப்புறம் குழந்தையோடு வரும் அம்மா. இவர்களும் வராவிட்டால் அங்கே நடப்பதைப் பார்க்க ஒரு கண்கூட இருக்காது. யாரைப் பார்த்துப் பயந்தீர்களோ, அவர்களுக்கே இடத்தை எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

நியூயார்க்கில் 1961-இல் ஒரு விதி வந்தது: கட்டடத்துக்கு முன்னால் பொது இடம் விட்டால் கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ளலாம். இடம் விட்டார்கள், உட்கார வசதி வைக்கவில்லை. பல சதுக்கங்கள் வெறிச்சோடின. 1970-களில் நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட் அங்கெல்லாம் கேமரா வைத்துக் கவனித்தார். உட்கார வசதி எங்கே உண்டோ, அங்கேதான் கூட்டம். வேண்டாதவர்கள் பற்றிய பயத்துக்கும் அவர் சொன்ன மருந்து, இடத்தை எல்லோருக்கும் பிடித்ததாக மாற்றுவதுதான். 1975-இல் விதியைத் திருத்தி இருக்கைகளைக் கட்டாயமாக்கினார்கள்.

அதே ஊரில் 1967-இல் திறந்த பேலி பூங்கா வெறும் 42 அடி அகலம், 100 அடி நீளம். மர நிழல், போக்குவரத்து இரைச்சலை அமுக்கும் 20 அடி நீர்வீழ்ச்சி, நகர்த்தக்கூடிய நாற்காலிகள். இப்படிப்பட்ட நாற்காலியை ஆட்கள் உட்காருமுன் இரண்டு அங்குலமாவது நகர்த்துவார்கள். பல நேரம் அதற்குத் தேவையே இருக்காது. ஆனாலும் அப்போதுதான் அது அவர்கள் இடமாகிறது.

இடமே இல்லை என்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம்: 1947 முதல் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக் அங்கே 700-க்கும் மேற்பட்ட விளையாட்டுத் திடல்களை வடிவமைத்தார். பல, கட்டடங்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனைகள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். திண்டுச் சுவரில் கம்பி முனை பதிக்காதீர்கள். ஓரடி முதல் மூன்றடி உயரமுள்ள எதிலும் ஆட்கள் உட்காருவார்கள், உட்காரட்டும். தெருவிலிருந்து பார்வையை மறைக்கும் புதரை வெட்டுங்கள். விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெஞ்சை வெயிலில் போட்டுவிட்டு யாரும் வருவதில்லை என்று புலம்பாதீர்கள்.

அடுத்த கடிதம் எழுதுமுன், தயவுசெய்து ஒரு மாலை அந்த பெஞ்சில் போய் உட்காருங்கள். யார் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு வாருங்கள், பேசலாம்.