கவச வண்டிக்குள் இருந்த காதுகள்

குன்னூரில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறைய வருகிறார்கள். அண்மையில் வந்த ஒருவர் 'சரத்' கவச வண்டியின் டிரைவராக இருந்தவர்.

"பனி கொட்டுற ஜனவரி ராத்திரியிலயும் காதுக்குள்ள சில்வண்டு கத்துது மேடம்" என்றார். கூட வந்த மருமகள், "பேத்தி 'பால் வேணுமா தாத்தா'ன்னு கேட்டா, 'காலுக்கு என்னம்மா'ங்கிறார்" என்றார்.

கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராமில், 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலி அருகே கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. பல வருட இரைச்சல் விட்டுப்போகும் தடம் அது. கனத்த குரல் கேட்கும். க, ச, த, ப குழம்பும். "கேக்குது, ஆனா புரியல" என்பது இதுதான். வீட்டார் அதை அலட்சியம் என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள், பாவம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது.

சரத், சோவியத் பிஎம்பி-2 வண்டியின் இந்திய வடிவம். மேடக் தொழிற்சாலையில் தயாரானது. டிரைவர் முன்னால் இடப்பக்கம் உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் 300 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், மேலே 30 மி.மீ. பீரங்கி, கீழே இரும்புச் சங்கிலிப்பட்டை, பின்னால் 7 வீரர்கள். சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சங்கிலிப்பட்டை வண்டிக்குள் 100-ஐத் தாண்டுவது சாதாரணம்.

இதற்கு அடுத்த தலைமுறையாக நம் நாட்டிலேயே வடிவமைக்க முயன்றதுதான் ஆவடியில் உள்ள ராணுவ வண்டி ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ-யின் 'அபய்'. 40 மி.மீ. பீரங்கி கொண்ட முன்மாதிரி அது, உற்பத்திக்குப் போகவில்லை. இனி வரும் வண்டியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பீரங்கி, கவசத் தகடு என்கிறார்கள். பட்டையில் ரப்பர், உட்சுவரில் ஒலி உறிஞ்சும் பூச்சு, நல்ல ஹெட்செட் ஆகியவையும் வரைபலகையிலேயே இடம்பெற வேண்டும். வண்டி செய்து முடித்த பிறகு இவற்றை ஒட்டவைப்பது கடினம். நம் வீரர்களுக்காக நாமே வரையும் வண்டியில் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

சரி, இப்போது காது இரைகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஹியரிங் எய்ட் அணிந்தால் பேச்சு தெளியும், பலருக்குக் காதுக்குள் கேட்கும் இரைச்சலும் அடங்கும். பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது பெரும் சத்தத்திலிருந்து விலகியிருங்கள். பணிக்காலத்து ஆடியோகிராம் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். வீட்டில் யாராவது ஒருவரும் கூட வரட்டும். எந்தச் சொல் தவறுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.