சுண்டுவிரல் மரத்துப்போனால் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

"சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை" என்றபடி ஒருவர் என்னிடம் வந்தார். வயது நாற்பதுக்குள். பக்கவாதத்தின் ஆரம்பமோ என்று பயந்துபோயிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தாளை இடுக்கிப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை நான் இழுத்தேன். இடது கை தாளை விடவில்லை. வலது கையில் பிடி நழுவியது. அதைத் தடுக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு அவரை அறியாமலே மடங்கியது. சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பு தளர்ந்திருக்கிறது என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் பார்த்துவரும் அடையாளம் அது.

"சைக்கிள் ஓட்டுவீர்களா?" என்று கேட்டேன். முந்தின வாரம்தான் மூன்று நாள் நெடும்பயணம் போய் வந்திருந்தார். முதல் நாளே சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கின்றன. இறங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை ஓடுமே, அதே நரம்புதான் இது. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில், இரண்டு சிறிய எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய பாதை வழியாக விரல்களுக்குப் போகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கியோன் 1861-இல் விவரித்ததால் அதற்குக் கியோன் கால்வாய் என்று பெயர். ஹேண்டில்பாரில் நாம் கையை ஊன்றும் இடம் சரியாக அதன் மேல்தான் விழுகிறது. மேலே தடித்த சதை கிடையாது. மணிக்கணக்கில் உடம்பின் பாரமும் சாலையின் அதிர்வும் சேர்ந்து அங்கே அழுத்தினால் நரம்பு என்ன செய்யும்?

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். அந்தப் பாதைக்குள் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தொடு உணர்வுக்கு, மற்றது தசைகளுக்கு. தசைக் கிளை மட்டும் நசுங்கினால் மரத்துப்போகவே போகாது. பலம் மட்டும் குறையும். சாவியைத் திருப்புவது, விரல்களை அகல விரிப்பது, பட்டன் போடுவது எல்லாம் தடுமாறும். அதனால் "மரக்கவில்லையே, நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று இருந்துவிடாதீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, மீடியன். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கியபடியே ஓட்டுபவர்களுக்கு அது வரும்.

சரி, இதற்கு என்ன செய்வது? பெரும்பாலானோர் முதலில் வாங்குவது ஜெல் வைத்த கையுறை. அது உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பஞ்சு அதிகமாகிவிட்டால் பிடி தடித்துப்போய், இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கையுறை அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். பாரம் கைக்கு ஏன் வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

அவரிடம் அடுத்த முறை சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னேன். பார்த்ததுமே தெரிந்தது. சீட்டின் மூக்கு நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது. தொடையிடுக்கில் வலித்ததால் தானே சாய்த்துக்கொண்டதாகச் சொன்னார். அங்கே வலி போனது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னால் வழுக்கியது, அதைக் கைகள் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தன. நாள் முழுக்கத் தண்டால் எடுப்பதுபோல.

நீங்களும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருவரைச் சைக்கிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறி உட்காருங்கள். வழக்கமாக ஓட்டும்போது எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, கைகளை மெல்லத் தளர்த்துங்கள். உடனே முன்னால் சரிந்தால் பாரம் கையில்தான் நிற்கிறது. சீட்டின் மேல் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். கிடைமட்டமாக இருக்கட்டும், அங்கிருந்து தொடங்குவோம். சீட் உயரம் அதிகமா, ஹேண்டில்பார் எட்டாத தூரத்திலோ ரொம்பத் தாழ்வாகவோ இருக்கிறதா என்பது அப்புறம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சில மில்லிமீட்டர் மட்டும் மாற்றுங்கள். பழைய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால், சரிவராவிட்டால் திரும்ப வரலாம்.

இடுப்பையும் வயிற்றையும் சுற்றியிருக்கும் தசைகள் தளர்ந்திருந்தாலும் பாரம் கைக்குத்தான் இறங்கும். முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் போன்ற பயிற்சியை வாரத்தில் சில நாள் செய்பவர்களுக்குக் கை மரப்பது குறைவதை நான் பார்த்துவருகிறேன்.

முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மணிக்கட்டு மேலே மடங்கினால் பிரேக் நெம்புகோலைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். கை சிறியது என்றால், பல நெம்புகோல்களில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருகினால் நெம்புகோல் பிடிக்கு அருகில் வரும். முழங்கை எப்போதும் லேசாக மடங்கியிருக்கட்டும். விறைத்த முழங்கை ஒவ்வொரு பள்ளத்தையும் நேராகத் தோளுக்கும் கழுத்துக்கும் அனுப்பிவிடும். டயரில் காற்றை அளவுக்கு மேல் அடிப்பதும் அப்படித்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள்; அப்போதே தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து இறக்கிவிடுங்கள்.

கழுத்தையும் லேசாக எடுக்க வேண்டாம். 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குக் கழுத்துத் தசைகள் சோர்ந்து, தலையை நிமிர்த்தவே முடியாமல் போனது. அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். நமக்கு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் ஹெல்மெட் நெற்றிக்கு இறங்கிவந்து பார்வையை மறைத்தால், கழுத்தைக் கூடுதலாக நிமிர்த்தித்தான் சாலையைப் பார்ப்போம்.

இனி விழுவதைப் பற்றி. விழும்போது கை தானாகவே நீளும், அதைத் தடுப்பது கடினம். அதனால் விழுந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் என் கவலை. கட்டைவிரலை மேலே தூக்கினால் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி விழும். மூக்குப்பொடிக் குழி என்றே அதற்குப் பெயர். அதை அழுத்தும்போது வலித்தால் "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்க்காதீர்கள். அடியில் இருப்பது ஸ்கேஃபாய்ட் எலும்பு. அதற்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. எலும்பு முறிந்தால் பின்பாதிக்கு இரத்தம் நின்றுபோகலாம், எலும்பு ஒட்டாமலே போகலாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் இருக்கும். அதனால்தான் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். முதல் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று கட்டைப் பிரித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். தோள் தரையில் மோதி விழுந்தவர்கள் காறை எலும்பைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சட்டைப் பட்டன்காரர் சைக்கிளை நிறுத்திவைத்தார். மரத்தது சில வாரங்களில் போனது. பலம் திரும்பத்தான் மாதங்கள் ஆயின. இப்போது மறுபடி ஓட்டுகிறார். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்.